அடிப்பிடிக்கட்டும், விடும்மா

போன மாதம் நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டலில் பயேயா என்ற ஸ்பெயின் நாட்டு அரிசிச் சாப்பாடு சொன்னேன். வந்தது கலர் பொடி போட்ட இறால் புலாவ், மேலே பட்டாணி. ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் அதை பயேயா என்று, அது பிறந்த வலென்சியா ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டினால் சண்டைக்கே வந்துவிடுவார்.

பயேயா என்றால் அவர்கள் மொழியில் வாணலிதான், லத்தீனில் 'பத்தெல்லா'. பாத்திரத்தின் பெயரே சாப்பாட்டுக்கும் ஆகிவிட்டது. வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா என்று ஒரு ஏரி, அதைச் சுற்றி நெல் வயல்கள். வயலில் வேலை செய்தவர்கள் மதியத்தில் அங்கேயே விறகு மூட்டி, கோழியோ முயலோ நத்தையோ, கிடைத்ததைப் போட்டு ஆக்கி, வாணலியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு மரக்கரண்டியால் அவரவர் பக்கத்தை மட்டும் சாப்பிட்ட சோறு இது. இறால் எல்லாம் கடற்கரைக்காரர்கள் சமாச்சாரம்.

அந்த அரிசியைக் கொண்டுபோனவர்கள் அரபியர். ஸ்பானிஷில் அரிசிக்கு 'அர்ரோஸ்', குங்குமப்பூவுக்கு 'அசஃப்ரான்', இரண்டுமே அரபுச் சொற்கள். (அது நம்ம 'அரிசி'தான் என்று வாட்ஸப்பில் கிளம்புகிறவர்களுக்கு: அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.) தக்காளி, மிளகாய், பயேயாவில் போடுகிற பெரிய வெள்ளை பீன்ஸ் மூன்றும் அமெரிக்கா சரக்கு, 1492-ல் கொலம்பஸ் போன பிறகுதான் ஸ்பெயினே அதையெல்லாம் பார்த்தது. கஸ்பாச்சோ என்கிற அவர்களுடைய குளிர்ந்த தக்காளி சூப்பும் அப்படித்தான், தக்காளி வருவதற்கு முன் அது காய்ந்த ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், தண்ணீர் சேர்த்து இடித்த கரைசல். நம் பழைய சோற்றுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்து பார்த்தேன். அவர்களுடைய பொம்பா அரிசி குண்டாக இருக்கும், குழம்பை நிறைய குடித்தாலும் குழையாது. எனக்கு அகப்பட்டது இட்லி அரிசி. அந்த வெள்ளை பீன்ஸுக்குப் பதில் என்ன போடுவது என்று தேடினால், அது நம் கோயம்பேட்டில் குவித்து விற்கிற டபுள் பீன்ஸேதான்! முயலுக்கு எங்கே போவது, கோழி மட்டும்.

அரிசி போட்ட பிறகு கிளறக் கூடாது, அதுதான் சட்டம். எங்கள் கேஸ் அடுப்பில் தீ நடுவில் மட்டும்தான், ஓரத்து அரிசி வேகவே இல்லை, வாணலியைச் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தேன். அம்மாவால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஏண்டி, கருகுற வாசனை வருது, கிளறேன்!"

"அடிப்பிடிக்கணும்மா. அதுக்குப் பேரு சொகர்ராத். அங்க அதுக்குத்தான் அடிச்சுக்குவாங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தோசைத் திருப்பியால் அடியைச் சுரண்டி, செம்பழுப்பாக வந்த பொருக்கை வாயில் போட்டு, "காந்தல்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள். எனக்கு ஓரத்து அரிசிதான் மிஞ்சியது.