12 படுக்கைகள்

எலும்பு மண்டலம் நடத்தினாலும் இரத்த ஓட்டம் நடத்தினாலும், நம் அறிவியல் டீச்சர் கடைசியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம்தான் வந்து நிற்பார். "நம்ம புதுக்கோட்டைப் பெண்" என்னும்போது அவர் குரல் தழதழக்கும். ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்தவர், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர் என்றெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். டீச்சர் அழுத்திச் சொன்னது வேறொன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அதே சபையில் அந்த அம்மையார் வாதாடினாராம்.

தாழ்வாரத்தில் வரிசையாக நின்று, நர்சம்மாவிடம் கண்ணைக் காட்டினோமே, நினைவிருக்கிறதா? கீழிமையை இழுத்துப் பார்த்தவர் என்னை மட்டும் தனியே நிறுத்தினார். சோகை. அதுவரை வீட்டில் என்னைச் சோம்பேறி என்றே நினைத்திருந்தார்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையை அம்மையார் மறக்கவே இல்லை. பல ஆண்டு அலைந்து, எழுபதை நெருங்கும் வயதில், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கவைத்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள். 'அவ்வளவுதானா?' என்று வகுப்பில் கேட்டவள் நான். சிங்கப்பூரில் 26 வருடம் வார்டில் வேலை பார்த்தபிறகு தெரிகிறது. ஒரு படுக்கை என்றால் மூன்று ஷிப்டுக்கும் ஆள் வேண்டும், மாற்றுத்துணி வேண்டும், நள்ளிரவில் வலிக்கு மருந்து வேண்டும். அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

இங்கே 50 வயதைத் தாண்டிய பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே, எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். இங்குள்ள 'லிட்டில் இந்தியா'வான தேக்காவில் நம் பெண்களிடம் அதைச் சொன்னால், "வலி ஒன்றும் இல்லையே" என்று நகர்ந்துவிடுகிறார்கள். வலி வரும்வரை காத்திருக்கத்தான் கூடாது! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

நம் சங்கத்துப் பொங்கல் விருந்தில் ஓர் அக்கா என்னைத் தனியே அழைத்தார். மேமோகிராமுக்கு வரச்சொல்லி வந்த அழைப்புக் கடிதம், நான்காக மடித்தபடி, ஒரு வருடமாக அவர் கைப்பையிலேயே கிடந்திருக்கிறது. "தங்கச்சி, நீ கூட வருவியா?"

அடுத்த வாரமே பஸ் ஏறினோம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். அக்கா வெகுநேரம் தயங்கிவிட்டு, தாலிச் சங்கிலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் வெளியே வரும்வரை விரல்களை மூடியே வைத்திருந்தேன்.