சத்தி ரோட்டுப் பத்மினி: இக்னிஷன் மாற்றும் நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) பிரீமியர் பத்மினியில், பிளக்கில் கரண்ட் அடிக்கும் நேரம் சரியா என்று இன்று டைமிங் லைட் அடித்துப் பார்த்தேன். கிராங்க் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்கவே இல்லை, நாலைந்து டிகிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. கரண்டை வெட்டிவிடும் சி.பி. பாயிண்ட் புதுசு, கண்டென்சரும் புதுசு. பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி ஷாஃப்டை விரலால் அசைத்தால் டக் டக் என்று ஆட்டம். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், கரண்ட் அடிக்கும் நேரமும் கூடவே மாறும்.

"புஷ் போட்டுக்கலாம் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். போட்டால் மூன்றாவது முறை. இந்தத் தடவை டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துவிட்டு, கிராங்க் எங்கே நிற்கிறது என்பதை அதன் புல்லியிலேயே அளந்துவிடுவது என்று முடிவு. சோலக்ஸ் கார்புரேட்டரைத் தொடப்போவதில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஜனவரி 9

கணபதியில் ஒரு சின்னப் பட்டறை. கிராங்க் புல்லிக்கு 36 பல் வைத்த தட்டு வேண்டும், அதில் ஒரு பல் மட்டும் இருக்கக் கூடாது. பல்லுக்குப் பல் 10 டிகிரி. பல் இல்லாத அந்த இடம் சென்சாரைத் தாண்டும்போது, முதல் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று ஈ.சி.யு. (இக்னிஷனை நடத்தும் சின்னக் கணினி) புரிந்துகொள்ளும்.

லேசரில் வெட்டலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டறை அண்ணன் மில்லிங்கிலேயே செய்து தந்தார். வட்டத்தைச் சமமாகப் பங்கிடும் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் தட்டு ஒரு சுற்று. 36 பல்லுக்கு 40 சுற்றைப் பங்கிட்டால், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அப்புறம் 18 துளை வட்டத்தில் இரண்டு துளை. பக்கத்தில் நின்று நானும் எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசி வெட்டு முதல் வெட்டோடு சரியாகச் சேர்ந்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை மறக்க மாட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

உக்கடத்தில் பழைய காயில் பேக் கிடைத்தது, பிளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தருவது. 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு காயில், 2, 3க்கு ஒன்று. ஒரு காயில் இரண்டு பிளக்கிலும் ஒரே நேரத்தில் அடிக்கும், ஒன்று வேலைக்கு, மற்றது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் வீணாகப் போகும். அதனால் எந்த ஸ்ட்ரோக் என்று சொல்லும் கேம் சென்சார் தேவையில்லை.

ஈ.சி.யு. ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ மெகா மேல் ஓடும் திறந்த மூலத் திட்டம். அதிலிருந்து வருவது சின்ன சிக்னல்தான், காயிலை நேராக இழுக்காது. நடுவில் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் இக்னைட்டர் கட்டாயம் வேண்டும்.

ஜனவரி 16

பூப்பறிக்கப் போனவர்கள் திரும்பும் வரை வீடு அமைதி. அப்புச்சி கட்டிலை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏங்கண்ணு, டெல்கோ இல்லாம வண்டி ஓடுமா?"

டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் டெல்கோ என்கிறார்.

"ஓடும்ங்க அப்புச்சி."

இன்ஜின் எவ்வளவு லோடில் இருக்கிறது என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்லும் பிரஷர் சென்சாருக்கு, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் துளை போட வேண்டியிருந்தது. தூள் சிலிண்டருக்குள் விழுந்துவிடக் கூடாது என்று மேனிஃபோல்டைக் கழற்றியே போட்டேன். பாதி நாள் போனது, போகட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

ஸ்டார்ட் ஆனது! டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி லைட் அடித்தேன். ஐடிலில் குறி ஆடாமல் அசையாமல் நிற்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மெல்ல நழுவுகிறது. பூட்டி வைத்தது நழுவக் கூடாதே. கிராங்க் சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன. மாற்றிப் போட்டேன், 4000 ஆர்.பி.எம். வரை குறி அங்கேயே.

ஜனவரி 23

அன்னூர் தாண்டி 3000 ஆர்.பி.எம்.மில் மிஸ் அடித்தது. ஈ.சி.யு. எழுதி வைத்த பதிவில் பார்த்தால் சிங்க் விட்டுப் போயிருக்கிறது, அதாவது தட்டின் பல் எண்ணிக்கை தவறியிருக்கிறது. மூன்று இரவு இதிலேயே. சென்சார் இடைவெளியைப் பார்த்தேன், எர்த்தைச் சுரண்டிப் புதிதாகக் கட்டினேன், போகவில்லை. கடைசியில் பிளக் வயர். பழைய செம்புக் கம்பி வயரையே போட்டிருந்தேன். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல்தான் சென்சார் சிக்னலைக் குழப்பியிருக்கிறது. ரெசிஸ்டர் பிளக், கார்பன் வயர் மாட்டியதும் சுத்தமாக நின்றது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் வயரை மாற்றுங்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை 6 மணிக்குப் பண்ணாரி செக்போஸ்ட் திறந்ததும் கிளம்பினோம். அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்புச்சி முன்சீட்டில். திம்பம் மலைக்கு 27 கொண்டை ஊசி வளைவு. முன்பெல்லாம் பாதி மலையில் இன்ஜினுக்குள் தட்டும் சத்தம், நாக்கிங், கேட்கும், டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் மேலே ஏறும். கீழே வந்ததும் மறுபடி திருப்ப வேண்டும். இன்று பானெட்டைத் திறக்கவே இல்லை. லோடு ஏறும் கட்டத்தில், ஈ.சி.யு.வின் டைமிங் அட்டவணையான மேப்பில், கரண்ட் முன்கூட்டி அடிக்கும் அளவான அட்வான்ஸைக் குறைத்து வைத்திருந்தேன், இரண்டாவது கியரில் முனகாமல் ஏறியது. பதினெட்டாவது வளைவில் லாரிக்கு ஒதுங்கி நின்று எடுத்தபோதுகூட அடங்கவில்லை.

உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டு சென்சாரைப் பார்த்தேன்: 89 கிலோ பாஸ்கல். அடிவாரத்தில் 98 இருந்தது. மேலே காற்று மெலிந்துவிட்டது என்பது இக்னிஷனுக்குத் தெரிகிறது, கார்புரேட்டருக்குத் தெரியவில்லை. அது பெட்ரோலைக் குறைக்கவில்லை, வாடை அடித்தது.

டீ வருவதற்குள் பிளக்குகளைக் கழற்றினேன். அப்புச்சி ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முன்பு இரண்டாவது மட்டும் கரிப்பிடித்து வரும். இன்று நாலும் லேசாக, ஒரே மாதிரி கருத்திருந்தன.