கை மட்டும் தெரியும்
மன்னார்குடி வீட்டுப் பரணில் சித்தப்பாவின் பழைய இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் புத்தகம் கிடைத்தது, அட்டையில் அந்தக் கையை மட்டும் எலி தின்றிருக்கிறது. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இவர்தான். ஆனால் பிறந்தது 1962-ல், வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில், கென் புல்மர் எழுத ஸ்பெயின்காரர் பிளாஸ்கோ வரைந்தார். அந்தக் கோடுகள்தான் எனக்கு உயிர்! முதலில் மாயாவி வில்லன், அப்புறம்தான் திருந்தி உளவாளியானார். கரண்ட் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். இதை நம்பி பம்புசெட் கொட்டகையில் ஃபியூஸ் கேரியரையே பார்த்துக்கொண்டு நின்ற என்னை, மடை அடைத்துக்கொண்டிருந்த சித்தப்பா சேற்றுக் கையோடு வந்து இழுத்துப் போட்டார்: "டேய், நீ மறைய மாட்ட, கருகிடுவ!"