நெபுலைசர் கப்பில் அறுந்துபோகும் வால்

“ஏனுங்க, இந்த மிஷின்ல எந்த மருந்த ஊத்துனாலும் புகையாப் போயிருமுங்ளா?”

திருப்பூர் மருந்துக்கடையில் இன்று காலை நெபுலைசரைக் காட்டி ஒரு பெரியவர் கேட்டது.

புகையாகப் போகும். மருந்தே வைரஸாக இருந்தால், உருக்குலையாமல் போகுமா?

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நுரையீரலில் படலம் கட்டி உட்கார்ந்தால், அதைக் கொல்லும் ஃபேஜ் வைரஸை மூச்சில் இழுக்கக் கொடுத்துப் பார்க்கிறார்கள். இன்னும் ஆய்வு நிலைதான்.

முதலில் சளி கல்ச்சர், அதாவது சளியிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்ப்பது. வளர்ந்த கிருமி மேல் ஒவ்வொரு ஃபேஜாகச் சொட்டு விட்டு, தட்டில் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் விழுகிறதா பார்க்க வேண்டும். ஒருவர் கிருமிக்கு விழுந்தது பக்கத்துக் கட்டில்காரருக்கு விழாது போகலாம்.

அப்புறம் சுத்திகரிப்பு. ஃபேஜை வளர்க்கும்போது வெடித்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு மிஞ்சினால் காய்ச்சலும் இழுப்பும் வரும்.

கடைசியில் அந்தக் கப். காற்றழுத்த வகை நெபுலைசரில் ஒரே திரவம் தடுப்பில் மோதி மோதிச் சுழலும். ஃபேஜின் வால் அறுந்துவிடலாம். வாலில்லாமல் கிருமியில் ஒட்டவே முடியாது. நூறு கோடி ஃபேஜ் ஊற்றினால் எத்தனை உருப்படியாக வெளிவருகிறது என்று எண்ணாமல் டோஸ் சொல்லவே கூடாது. அதிரும் சல்லடை வகை பல ஃபேஜ்களுக்கு மென்மை, எல்லாவற்றுக்கும் அல்ல. துளி 1 முதல் 5 மைக்ரான் வேண்டும்; பெரிதானால் தொண்டையோடு சரி.

கிருமியும் சும்மா இருக்காது. ஓஎம்கேஓ1 என்ற ஃபேஜ், கிணத்து மோட்டார் மாதிரி ஆன்டிபயாடிக்கை வெளியே இறைக்கும் பம்பின் வாயில் ஒட்டுகிறது. தப்பிக்கப் பம்பை மாற்றிக்கொண்ட கிருமி, பழைய ஆன்டிபயாடிக்கிடமே மறுபடி மாட்டுகிறது. 2016-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது இது.