எச்சம் சேகரிக்கப் போகிறீர்களா? அனுமதி உத்தரவை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

காட்டுக் குரங்குகள் போடும் எச்சத்தை வைத்து, அவற்றின் குடலில் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பற்றி நான் செய்த ஆய்வு ஒருவழியாக முடிந்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் மைக்ராஸ்கோப்பைச் சுற்றியே இருக்கிறது: எந்தக் கரைசல் நல்லது, எத்தனை ஸ்லைடு பார்க்க வேண்டும், மரபணுச் சோதனைக்கு எந்த பிரைமர் வேலை செய்யும். அதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தரும். என் நேரத்தையும் பொறுமையையும் தின்றது காகிதமும் பாட்டிலும் பார்சலும்தான். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேர்ந்தேதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திட்டத்தில் விலங்கைப் பிடிப்பது, மயக்க ஊசி, ரத்தம் எடுப்பது எதுவும் கிடையாது. குரங்கு மரத்திலிருந்து போட்டதைக் கீழே பொறுக்குவதோடு சரி. இதைவிடச் சுலபமான அனுமதி இருக்காது என்று தோன்றும். படிவத்துக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிக்கப்படும் விலங்குகளின் எண்ணிக்கை, பிடிக்கும் முறை, மயக்க மருந்தின் பெயரும் அளவும், திரும்ப விடப்படும் இடம் என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் "பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாமே பொருந்தாதுன்னா எதுக்கு மேடம் விண்ணப்பம்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் காலடி வைக்க முடியாதே. அவருக்கும் அது தெரியும். "கட்டத்துல ஏதாவது இருக்கணும், இல்லாட்டி ஃபைல் மேல போகாது" என்பதோடு உரையாடல் முடிந்தது.

இதற்கு வழி சொன்னவர் பக்கத்து மேசையில் இருந்த மூத்த பெண் ஊழியர். எண் கேட்கும் கட்டத்தில் சுழியம் போடுங்கள், முறை கேட்கும் இடத்தில் "எச்சம் மட்டும், விலங்கைத் தொடாமல்" என்று எழுதுங்கள் என்றார். அதே படிவம், அதே தகவல். மறு வாரமே ஃபைல் மேலே போனது.

மேலே போனால் குழு. அங்கே ஒருவர், "வெறும் எச்சத்தை வைத்துக்கொண்டு என்ன பெரிதாகத் தெரிந்துவிடும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் 2010ல் நேச்சர் இதழில் வந்த மலேரியா ஆய்வைச் சொன்னேன். மத்திய ஆப்பிரிக்காவில் காட்டு மனிதக் குரங்குகளின் எச்சம் ஏறக்குறைய 3,000 மாதிரிகள் சேகரித்து, அதிலிருந்த டி.என்.ஏ.வை வைத்தே, மனிதரைக் கொல்லும் ஃபால்சிபாரம் மலேரியா கொரில்லாக்களிடமிருந்து வந்தது என்று காட்டினார்கள். ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணி அது. அதற்கே ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரவில்லை.

விலங்கு நெறிமுறைக் குழுவில் வேறு மாதிரி. "விலங்கையே தொடவில்லையே, எங்கள் அனுமதி உங்களுக்குத் தேவையில்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும். வாய்வார்த்தையோடு வந்துவிடாதீர்கள். கட்டுரையை அனுப்பும்போது இதழ்காரர்கள் கேட்பது நெறிமுறைக் குழுவின் எண்ணையோ விலக்குக் கடிதத்தையோதான். அந்த ஒரு பத்திக் கடிதத்தைப் பெற நான் அந்த வாசலில் நின்ற நேரத்தில் அரை அத்தியாயம் எழுதியிருக்கலாம். ஆனால் கடைசியில் மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். இணைத்து அனுப்பியபோது வந்த திருப்தி இருக்கிறதே!

மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். இதில் எனக்குக் குறையில்லை, கேட்கத்தான் வேண்டும். ஐவரி கோஸ்ட்டின் தை காட்டில் சிம்பன்சிகளைக் கொன்ற சுவாச நோய்க்கு மனிதரிடமிருந்து போன வைரஸ்கள் காரணம் என்று 2008லேயே காட்டியிருக்கிறார்கள். பார்க்கப்போன நாமே நோயைக் கொண்டுபோகிறோம். காசநோய்த் தோல் பரிசோதனை கட்டாயம் என்றார்கள், சரி. ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்த்து வீக்கத்தை அளந்து எழுத வேண்டும். அந்த மருத்துவமனையில் ஊசி போட்ட நாளைத் தாண்டி வந்தது தொடர் விடுமுறை. அளக்கிற ஆள் திரும்பி வந்தபோது 72 மணி நேரம் எப்போதோ கடந்திருந்தது. "மறுபடியும் போட்டுக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். வாரத்தின் முதல் நாளில் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், காலண்டரைப் பார்த்துவிட்டு.

காட்டு வேலையை ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். குரங்குகள் தூங்கும் மரத்தடிக்கு விடியும் முன் போய்விட வேண்டும். எழுந்ததும் போடும் எச்சம்தான் நமக்கு வேண்டியது. எது போட்டது என்று கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். மண்ணில் பட்ட அடிப்பாகத்தைத் தொடாமல் நடுவிலிருந்து எடுக்க வேண்டும், ஏனென்றால் மண்ணில் சுதந்திரமாக வாழும் உருளைப்புழுக்கள் சீக்கிரமே ஏறிக்கொள்ளும், அப்புறம் அதைக் குரங்கின் புழு என்று எண்ணிக்கொண்டிருப்போம். முகக்கவசம், கையுறை. எங்களோடு வந்த வனக்காவலர் அண்ணாவுக்கு ஒவ்வொரு குரங்கையும் காது மடிப்பை வைத்தே அடையாளம் தெரியும். அவர் இல்லாமல் தனித்தனி விலங்கின் பெயரில் ஒரு மாதிரிகூடப் பதிவாகியிருக்காது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். என் விண்ணப்பத்தில் "சேகரித்து, ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்ல" என்று தெளிவாக இருந்தது. தட்டச்சாகி வந்த உத்தரவில் "சேகரிக்க" என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டது. பின்பாதி எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சோதனைச் சாவடியில் இருந்தவர் உத்தரவை விரல் வைத்துப் படித்தார். "சேகரிக்கத்தான் போட்டிருக்கு. வெளியே கொண்டுபோகன்னு இல்லையே." சேகரித்ததைக் காட்டுக்குள்ளேயே வைத்து நான் என்ன செய்ய? அவர் சொன்னது தவறில்லை என்பதுதான் கொடுமை. தொலைபேசி, மேலதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், மதிய உணவு, மறுபடி தொலைபேசி. வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள் ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டது.

அந்த வெப்பத்தில் பெட்டிக்குள் என்ன நடந்தது என்று சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். சாட்டைப்புழு முட்டை கெட்டி. மண்ணில் வாரக்கணக்கில் கிடந்துதான் உள்ளே லார்வா, அதாவது இளம்புழு, உருவாகும், அதற்குக் கவலையில்லை. ஆனால் குரங்குகளிடம் இருக்கும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஃபுல்லபோர்னி என்ற உருளைப்புழுவின் முட்டை வெளியே வரும்போதே உள்ளே லார்வாவோடு வரும், சில மணி நேரத்தில் பொரிந்துவிடும். பொரிந்துவிட்டால் முட்டை எண்ணிக்கை பொய்யாகிவிடும். அன்று மாலை ஆய்வகத்தில் ஸ்லைடை வைத்தபோது முட்டைகளுக்குப் பதிலாக லார்வாக்கள் நெளிந்துகொண்டிருந்தன, பக்கத்தில் காலியான ஓடுகள். அன்றைய மாதிரிகளில் எண்ணுவதற்கென்று வைத்திருந்தவை அத்தனையும் வீண்.

அதனால் உத்தரவு கையில் வந்ததும் சேகரிக்க, எடுத்துச் செல்ல, சேமித்து வைக்க, வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப என்று நான்கு வினைச்சொற்களும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வாசலைத் தாண்டாதீர்கள். வாகன எண்ணும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, பாட்டிலுக்குள் என்ன ஊற்றுவது. ஆய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைக் காட்டுக்குப் போகும் முன்பே இந்தத் திரவம் தீர்மானித்துவிடுகிறது. பத்து சதவீத ஃபார்மலினில் முட்டையின் வடிவம் அழகாக நிற்கும், ஆனால் டி.என்.ஏ.வைப் பிணைத்துச் சிதைத்துவிடும், டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைக்கு உதவாது. அடர்த்தியான எத்தனால் டி.என்.ஏ.வைக் காப்பாற்றும். இரண்டிலுமே புழு உயிரோடு இருக்காது, ஆகவே லார்வா வளர்க்க வேண்டுமானால் எதுவும் ஊற்றாத பங்கு ஒன்று தனியாக வேண்டும். வளர்ப்பு ஏன் என்றால், கொக்கிப்புழு முட்டையும் ஈசோஃபகோஸ்டோமம் என்ற இன்னொரு குடல் புழுவின் முட்டையும் மைக்ராஸ்கோப்பில் அச்சுஅசலாக ஒன்றுபோல இருக்கும். ஒரு வாரம்போல வளர்த்து லார்வாவைப் பார்க்க வேண்டும், அல்லது மரபணு வரிசை பார்க்க வேண்டும். ஆக ஒவ்வொரு எச்சமும் மூன்று பங்கு.

எங்கள் நிறுவன ஸ்டோரில் எத்தனால் கேட்டேன். வந்தது ஃபார்மலின். "எத்தனாலுக்கு லைசென்ஸ், கணக்கு, ஆயிரம் தொல்லை மேடம். ரெண்டுமே கெடாம வைக்கத்தானே?" திருப்பிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தது மெத்திலேட்டட் ஸ்பிரிட், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் ஒரு வரி இல்லை. அதையும் திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் வேறு துறையின் ஆய்வகத்தில் கைமாற்றாக வாங்கித்தான் முதல் பருவத்தை ஓட்டினேன். இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்டோர்காரர் மனம் நோகும் என்று ஃபார்மலினை வாங்கிக்கொண்டு போனால் நோகப்போவது உங்கள் ஆய்வின் மூன்றாம் ஆண்டு.

பாட்டில் என்றதும் இன்னொன்று. மார்க்கரில் எழுதிய எண் எத்தனால் ஒரு சொட்டு கசிந்தாலே கரைந்து ஓடிவிடும். பென்சிலால் எழுதிய சின்னக் காகிதத் துண்டைப் பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பென்சில் எதற்கும் அசையாது. அப்புறம், எத்தனால் ஊற்றியதாலேயே எல்லாம் செத்துவிட்டது என்று நம்பவும் வேண்டாம். நரி, ஓநாய் எச்சத்தோடு வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டும்: மனிதருக்கும் ஆபத்தான எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் முட்டைகள் எத்தனாலுக்கு மசியாது. மைனஸ் 80 டிகிரியில் பல நாட்கள் உறையவைத்த பிறகுதான் திறப்பார்கள்.

மரபணு வரிசை பார்க்கும் ஆய்வகம் வேறு நாட்டில். குரங்கினங்கள் அனைத்தும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் நான் பயந்தது சைட்டீஸ் அனுமதிக்கு. விசாரித்தால், விலங்கைத் தொடாமல் எடுத்த எச்சம் அந்த ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வராது, அதைச் சொல்லும் தீர்மானமே இருக்கிறது. சுங்கத்துறையில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காமல், தீர்மானத்தின் பக்கத்தை அச்செடுத்துப் பெட்டியோடு வையுங்கள். இதற்கு மேல் இரண்டு நாட்டு இறக்குமதி ஏற்றுமதி விதிகள் தனி.

ஆனால் பெட்டி சிக்கியது கூரியரில். படிவத்தில் ஒரு கேள்வி: தொற்றக்கூடியதா? ஆம் என்றால் எடுக்க மாட்டார்கள். இல்லை என்றேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் என் உறைக் கடிதத்தைப் படித்துவிட்டு, "தொற்று ஆராய்ச்சின்னு போட்டிருக்கீங்களே?" என்றார். தொற்றைத் தேடுகிறோம், இருக்கிறதா என்று தெரியாது, தெரிந்தால் ஏன் அனுப்பப்போகிறோம் என்று விளக்கினேன். அவர் முகத்தைப் பார்த்தால் நான் ஏதோ ஒளிப்பது போலிருந்தது. நோய் கண்டறியும் மாதிரிகளுக்கான யூ.என். 3373 என்ற சரக்கு வகையில், கசியாத குப்பி, உறிஞ்சும் பஞ்சு, இரண்டாவது கசியாத உறை, வெளியே கெட்டியான பெட்டி என்று மூன்றடுக்காகக் கட்டிக் கொண்டுபோனேன். இப்போது எத்தனால் பிரச்சினை: தீப்பற்றும் திரவம், யூ.என். 1170, அதற்கு வேறு விதி. பெட்டி என்னோடேயே வீடு திரும்பியது.

தீர்வு ஒரு பழைய கட்டுரையில் கிடைத்தது. மனிதக் குரங்கு எச்சத்துக்காக 2004ல் வெளியிட்ட இரண்டு படி முறை: எத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து, அதை வடித்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் உலர்த்துவது. குரங்கின் சொந்த டி.என்.ஏ.வுக்காகச் செய்தது அது, ஆனால் எங்கள் ஒட்டுண்ணி பி.சி.ஆரும் அதில் நன்றாகவே வந்தது. திரவமே இல்லை, ஆகவே தீப்பற்றும் கேள்வியும் இல்லை. அதே கவுன்ட்டர், அதே இளைஞர், இம்முறை ரசீது கொடுத்தார். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை.

மைக்ராஸ்கோப் வேலை சுமுகம். ஒரே எச்சரிக்கை: மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் இருக்கும் அளவுகோலைச் சரிபார்க்காமல் ஒன்றுக்கும் பெயர் வைக்காதீர்கள். மகரந்தம், பூஞ்சை வித்து, உண்ணி முட்டை எல்லாமே முதல் மாதத்தில் அபூர்வ ஒட்டுண்ணியாகத் தெரியும். இரண்டு முனையிலும் அடைப்பு வைத்த எலுமிச்சை வடிவ சாட்டைப்புழு முட்டை, சுமார் 50 மைக்ரான் நீளம், ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. ஒரே ஒரு எச்சத்தில் முட்டை இல்லை என்பதால் அந்தக் குரங்குக்குப் புழு இல்லை என்று எழுதிவிட வேண்டாம். புழு எல்லா நாளும் ஒரே அளவில் முட்டை விடாது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலான புழுச்சுமை சில விலங்குகளிடம் மட்டும் குவிந்திருப்பதும் சாதாரணம், அந்த ஒன்றிரண்டு பெரிய எண்களைப் பிழை என்று அழித்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்து மிச்ச மாதிரிகளை என்ன செய்தீர்கள் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், எனக்கு வந்தது. எதுவும் ஊற்றாத பங்குகளை அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் போட்டு அழித்ததற்கும், எத்தனால் ஃபார்மலின் பாட்டில்களை ரசாயனக் கழிவாகத் தனியே ஒப்படைத்ததற்கும் தேதி, மாதிரி எண், கையெழுத்தோடு பதிவேட்டுப் பக்கம் இருந்ததால் நகல் எடுத்து அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தின் மூலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் மறுபடியும் கேட்கிறார்கள்.