நின்றுபோன 7.20 பஸ்ஸைத் திரும்ப ஓட வைத்த அனுபவம்

எங்கள் ஊருக்குக் காலை 7.20-க்கு வரும் டவுன் பஸ் 2025 ஜூன் 2, பள்ளி திறந்த அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்டோபரில்தான் திரும்ப வந்தது. இடையில் போன நாலு மாதத்தில் இரண்டு மாதம், தவறான ஆபீஸ் வாசலில் நின்றே போனது. அந்த எரிச்சல் இன்னும் எனக்கு அடங்கவில்லை. உங்கள் ஊரிலும் பஸ்ஸை நிறுத்தியிருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்று பலகையே இருக்கிறதே, பஸ் விஷயத்துக்கு அதுதான் இடம் என்று நினைத்தேன். பத்து மணிக்கு வரிசையில் நின்று, என் முறை வந்தபோது ஒரு மணி. அந்தக் கிளார்க் மனுவில் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "இது எங்க வேலை இல்லம்மா, பஸ் கம்பெனிக்குப் போங்க" என்று திருப்பிக் கொடுத்தார். எந்தக் கம்பெனி, எந்த ஊர், யாரைப் பார்க்கணும் என்று கேட்டேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு எனக்கு அரை நாள் கூலி போனது.

அவர் சொன்னது சரிதான் என்று பிறகு புரிந்தது. போக்குவரத்து அமைச்சரும் துறைச் செயலாளரும் மேலே பொதுவாக இருக்கிறார்கள். அதற்குக் கீழே துறை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் போக்குவரத்து ஆணையர், அவருக்குக் கீழே ஆர்.டி.ஓ.க்கள், மோட்டார் வாகன ஆய்வாளர்கள். லைசென்ஸ், வண்டிப் பதிவு, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பர்மிட் எல்லாம் அவர்கள் வேலை. ஒரு பஸ்ஸைக்கூட அவர்கள் ஓட்டுவதில்லை. இன்னொரு பக்கம் பஸ் ஓட்டும் கழகங்கள், மொத்தம் எட்டு. சென்னைக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம், தொலைதூரத்துக்கு விரைவுப் போக்குவரத்துக் கழகம், மற்ற ஊர்களுக்கு விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி என்று ஆறு. ஒவ்வொன்றும் தனிக் கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண் இயக்குநர். பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் என்று தனித்தனிப் பெயரில் ஓடிக்கொண்டிருந்தவை 1997-ல் ஒரே பெயருக்கு வந்தன. என் அப்பா இன்னும் பழைய பெயரில்தான் சொல்வார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழகத்தின் எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. காரைக்குடி பஸ்ஸுக்குத் தலைமையகம் கும்பகோணம். தருமபுரிக்குச் சேலம். திண்டுக்கல்லுக்கு மதுரை. இது தெரியாமல் எங்கள் டவுனில் இருக்கும் டிப்போவுக்குப் போய் இரண்டாவது நாளையும் வீணாக்கினேன். அங்கே இருந்தவர் அன்பாகவே பேசினார். ஆனால் "இந்தத் தடம் எங்க டிப்போ இல்லம்மா, பக்கத்து மாவட்டத்து வண்டி. ராத்திரி அங்கதான் நிக்கும்" என்றார்.

எந்தக் கிளை, அதாவது எந்த டிப்போ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் பர்ஸில் ஏப்ரல் மாதத்து மகளிர் இலவச டிக்கெட் ஒன்று மடித்துக் கிடந்தது. மெஷின் டிக்கெட். எழுத்து பாதி மங்கி, தாள் பழுப்பாகியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கிளைப் பெயரும் தட எண்ணும் தெரிந்தன. அன்றே செராக்ஸ் எடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அசலில் ஒன்றுமே தெரியவில்லை. டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், செராக்ஸ் எடுத்து வையுங்கள்.

சரியான டிப்போவில் கிளை மேலாளரைப் பார்த்தேன். நடையை நிறுத்துவதும் மறுபடி விடுவதும் தன் கையில் இல்லை, கழகத்தின் மண்டல ஆபீஸில் பொது மேலாளருக்குக் கீழே துணை மேலாளர் (வணிகம்) என்று ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார். பஸ் ஒரு தடவை போய் வருவதை அவர்கள் நடை என்பார்கள். மனுவிலும் அந்தச் சொல்லையே எழுதினால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

அவர் பேச்சைக் கேட்டு நேராக மண்டல ஆபீஸ் போயிருக்க வேண்டும். ஊரில் எல்லாரும் கலெக்டரிடம் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தேன், ரசீது கிடைத்தது. மூன்று வாரம் கழித்து வந்த பதிலைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. கவுண்டரில் பதிவு செய்தவர் "போக்குவரத்து" என்று போட்டு ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து "இவ்வலுவலகம் தொடர்பானதல்ல" என்று எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். சம்பந்தப்பட்ட கழகத்துக்கு மாற்றி அனுப்ப ஒரு கையெழுத்து போதும். அதைக்கூடச் செய்யவில்லை. அந்த மூன்று வாரமும் என் மகள் பெரிய ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, எட்டேகாலுக்கு ஸ்பெஷல் கிளாஸ். மழை பெய்த நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு போனாள்.

ஆகவே குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதானால், "பெறுநர்" இடத்தில் பொது மேலாளர், அரசு போக்குவரத்துக் கழகம், இன்ன மண்டலம் என்று தெளிவாக எழுதுங்கள். கவுண்டரில் எந்தத் துறை என்று பதிவு செய்கிறார்கள் என்பதை எட்டிப் பாருங்கள். தவறாக இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ரசீது கைக்கு வந்தபிறகு மாற்ற முடியாது என்றுதான் என்னிடம் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா மினி பஸ்ஸாவது கேட்கலாமே என்றார். அது வேறு வழி. 2025 ஜூனில் புது மினி பஸ் திட்டம் தொடங்கியிருக்கிறது. அதில் தனியார்தான் விண்ணப்பிக்க வேண்டும். பர்மிட் கொடுப்பது கலெக்டர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையம், அதற்குச் செயலாளர் ஆர்.டி.ஓ. ஆக, மினி பஸ் வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்தான் சரியான வாசல். எங்கள் ஊர்ப்பக்கம் வண்டி விட யாரும் முன்வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன்.

ஜூலை கடைசியில் மண்டல ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நடை, இப்போது எத்தனை ஓடுகிறது, 7.20 நடை எந்தத் தேதியில், யார் உத்தரவில், என்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது என்று மட்டும் கேட்டேன். புகார் எதுவும் எழுதவில்லை. முப்பது நாள் கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் பதில் வந்தது. காரணம்: வசூல் குறைவு.

நிற்க இடமில்லாமல் போன பஸ்ஸில் வசூல் குறைவா? கோபத்தோடு டவுன் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பழக்கமான கண்டக்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர்தான் விளக்கினார். பெண்களுக்கு இலவச டிக்கெட் அடிப்பதால் மெஷினில் கணக்கு இருக்கும். பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட்டே அடிப்பதில்லை. முப்பது பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போனாலும் தாளில் அந்த நடை காலியாகத்தான் தெரியும். எனக்குத் தலை சுற்றியது. பிள்ளைகளுக்காகவே ஓடிய பஸ்ஸை, பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல் நிறுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. அந்தப் பஸ்ஸை நம்பியிருந்த மூன்று ஊர்களிலும் வீடு வீடாகப் போய் 31 பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பள்ளி எழுதி வாங்கினோம். பாஸ் செராக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தோம். தலைமை ஆசிரியை ஸ்பெஷல் கிளாஸ் நேரத்தைக் குறிப்பிட்டு, பள்ளி முத்திரையோடு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். துணை மேலாளர் முதலில் கேட்டதே அதைத்தான்.

செப்டம்பரில் அவரைப் பார்த்தோம். அரை மணி நேரம், அவ்வளவுதான். கால அட்டவணைப் பதிவேட்டைத் திறந்து, 7.20-க்கு நேராகப் பென்சிலில் அடித்திருந்த கோட்டைக் காட்டினார். பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்தார். நாங்கள் முதல்வர் உதவி எண் 1100-க்கும் சொல்லியிருந்தோம் என்றேன். "சென்னைக்கு எழுதினாலும் செயலாளர், எம்.டி., ஜி.எம். என்று இறங்கி, அறிக்கை கேட்டு இந்த மேஜைக்குத்தான்மா வரும். முதல்லயே இங்க வந்திருக்கலாமே" என்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் என் மகள் ஜூலையிலேயே பஸ்ஸில் போயிருப்பாள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று 7.24-க்குப் பஸ் வந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் வீட்டிலிருந்த பெரியவர்கள் எல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். டிரைவர் சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தார்.

அடுத்து நாங்கள் கேட்டிருக்கும் மாலை 4.45 நடை இன்னும் வரவில்லை. அதை விட்டால் டிரைவர், கண்டக்டர் டியூட்டி நேரத்தை மாற்றி எழுத வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் துணை மேலாளர். இரண்டாவது பட்டியல் தயார், இந்தத் தடவை 34 பெயர்.