மைனஸ் முப்பதிலும் குழாயில் தண்ணீர்

நேற்றுக் காலை மைனஸ் 32. கைப்பிடியைத் தூக்கியதும் கொட்டகை வாசலில் தண்ணீர் கொட்டியது! கனடாவின் மனிட்டோபாவில் ஆடு, கோழி வளர்க்கப்போகிறேன் என்றாலே எல்லோரும் கொட்டகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் தண்ணீர். வீட்டிலிருந்து வாளி சுமந்தால் டிசம்பரிலேயே ஆசை விட்டுப்போகும்.

உறையாத ஹைட்ரன்ட்டை, அதாவது முற்றத்தில் நிற்கும் கைப்பிடிக் குழாயை, வாங்குவது சுலபம், புதைப்பதுதான் பாடு. வால்வு அடியில், தரை உறையாத ஆழத்தில் இருக்க வேண்டும். மூடியதும் குழாயில் மிஞ்சிய தண்ணீர் கீழே உள்ள சிறு துளை வழியாக மண்ணுக்குள் வடிந்தாக வேண்டும். இங்கே ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருப்பதோ பனியுகத்து அகாசிஸ் ஏரி விட்டுப்போன களிமண். லேசில் தண்ணீரை உள்ளே வாங்காது. அதனால் துளையைச் சுற்றித் தாராளமாகக் குழி வெட்டி, கழுவிய ஜல்லி கொட்டி, களி இறங்கி அடைக்காமல் மேலே வடிகட்டித் துணி விரித்தேன்.

6 அடி ஆழம் போதும் என்று கடைக்காரர் சாதித்தார். பனியை வழித்துவிட்டு வண்டி ஓட்டுகிற முற்றத்தில் தரை 2 மீட்டருக்கும் கீழே உறையும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? 8 அடிக்கே நின்றேன். ஜேசிபிக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் தோண்டினார்.

வடிகிறதா என்று பார்க்க ஒரு வழி: கைப்பிடியை இறக்கி மூடியதுமே குழாயின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். உள்ளே இழுக்கும். இழுக்கவில்லை என்றால் வடியவில்லை. ஹோஸை மாட்டியபடி விடவே கூடாது. கைப்பிடியைப் பாதி தூக்கி ஒழுகவிடுவதும் ஆகாது. வடிதுளை திறந்தே இருக்கும், ஜல்லிக் குழி நிரம்பிவிடும். ஏப்ரலில் பனி உருகி நிலத்தடி நீர் ஏறும்போது இந்தக் குழி என்ன செய்யும் என்பதுதான் அடுத்த பரீட்சை.

கோழி விஷயம் முடிவாகிவிட்டது: சான்டெக்ளேர். கியூபெக்கின் ஓகா மடத்துத் துறவி ஒருவர் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டையும் தாடியும் இத்துனூண்டு, பனி கடிக்க இடமில்லை. கொட்டகையை இறுக்கி அடைக்கிற யோசனையையும் விட்டுவிட்டேன். ஈரமும் அம்மோனியாவும் உள்ளேயே நின்றால் குளிரைவிடக் கேடு. கூரையோரம் காற்றுவழி, கீழே காற்று புகாத சுவர், அவ்வளவுதான்.

ஆடுகளுக்கு உலர்புல்தான் அடுப்பு, அசைபோட்டே சூடு ஏற்றிக்கொள்ளும். பக்கத்துப் பண்ணைக்காரர் உருண்டைக் கட்டுகளாகத் தருகிறேன் என்கிறார். எனக்குக் கையால் தூக்குகிற சதுரக் கட்டு வேண்டும், என்னிடம் டிராக்டர் இல்லை. விலை படிந்தால் ஜூலை அறுப்பிலேயே வாங்கிப் போடுவேன். ஹைட்ரன்ட்டுக்காகத் தோண்டி மூடிய பள்ளம் வசந்தத்தில் அமுங்கும், அதற்கும் ஒரு லோடு மண் சொல்லி வைக்க வேண்டும்.